நெய்வேலிக்கு வராத குருவி

நெய்வேலி நகரியத்தில் பறவைகளுக்குக் குறைவில்லை. வட்டத்துக்கு வட்டம் வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சியும் சாலையை மூடி நிற்கின்றன. குவார்ட்டர்ஸ் வீட்டுக் கொல்லைகளில் மா, பலா, கொய்யா. செம்போத்தும் தவிட்டுக் குருவியும் மனிதர்களைப் பொருட்படுத்தாமல் நடமாடும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில் வெளியூர்க்காரர்களும் வந்து சேர்வார்கள்.

அவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே மழைக்காலம் முடிந்ததும் இரவு நேரங்களில் பறந்து தெற்கே வரும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் விடிகாலையில் யார் வீட்டு முற்றத்திலாவது அது களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதும், பச்சையும் மஞ்சளும் நீலமும் அடிவயிற்றில் சிவப்புமாக இருக்கும் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கூச்சல் போடுவதும் ஆண்டுதோறும் நடக்கிற சங்கதி. அதை எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, சாயங்காலம் திறந்துவிட்டால் போதும், தானே போய்விடும். டேராடூன் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வந்த பறவை ஒரு பகல் பொழுது ஓய்வு கேட்பதில் தப்பில்லை.

ஆனால் இந்த அத்தியாயம் அந்தப் பறவையைப் பற்றியதல்ல. இங்கே ஒருபோதும் வராத ஒரு குருவியைப் பற்றியது. அதன் வீடு ஒன்றும் இமயமலையில் இல்லை, உதகமண்டலம் இருக்கும் நீலகிரி போன்ற மலைகளில்தான். நெய்வேலியும் உதகமண்டலமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. சேலத்தின் மேலாக மேற்கே ஒரு கோடு போட்டால் 300 கிலோமீட்டர் சொச்சம்தான். வட இந்தியாவிலிருந்து வரும் பறவைக்கு ஓரிரண்டு இரவுப் பயணம். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானுக்கோ அது கடக்க முடியாத தூரம்.

கோத்தகிரி ஊரை ஒட்டி லாங்வுட் சோலை என்று ஒரு காட்டுத் துண்டு இருக்கிறது. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும். உள்ளே இரண்டு நிமிடம் நடந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும். மரங்கள் அவ்வளவு உயரமில்லை. கிளையெல்லாம் பாசி, அடியில் பெரணி, காலுக்குக் கீழே மெத்தென்ற சருகு. நின்று கவனித்தால் இடுப்பளவு உயரத்தில் ஒரு குச்சியின் மேல் அது உட்கார்ந்திருக்கும். சிட்டுக்குருவியைவிடச் சிறியது, 12 சென்டிமீட்டர் அளவு. ஆண் பறவையின் தலையும் சிறகும் கன்னங்கரேல். முதுகும் மார்பும் பழுத்த ஆரஞ்சு. அந்த அரையிருட்டில் அந்த நிறம் கண்ணில் குத்தும். பெண்ணுக்குக் கருப்பு இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பு, கண்ணைச் சுற்றி மங்கலான வளையம்.

அது வேட்டையாடும் விதத்தைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குச்சியில் அசையாமல் இருக்கும். திடீரென்று கீழே விழுந்து சருகில் எதையோ கொத்தி, வேறொரு குச்சிக்குத் தாவிவிடும். சில சமயம் பறக்கும் பூச்சியைக் காற்றிலேயே பிடிக்கும். மரத்தின் உச்சிக்குப் போய் வெயில் காய்வதெல்லாம் அதன் வழக்கத்தில் இல்லை. புதர் மட்டம்தான் அதன் உலகம்.

அருகில் பார்த்தால் அலகின் இரு ஓரத்திலும் மீசைபோல விறைப்பான சில மயிர்கள் தெரியும். ஈப்பிடிப்பான்கள் பலவற்றுக்கும் இது உண்டு. பறந்தபடி பூச்சியை வாய்க்குள் ஒதுக்கித் தள்ளும் வலை இது என்றுதான் நெடுநாள் புத்தகங்கள் சொல்லிவந்தன. கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. 1980இல் அமெரிக்காவில் கானோவர், மில்லர் என்ற இருவர் அங்குள்ள ஓர் ஈப்பிடிப்பான் இனத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மயிரை நீக்கிய பறவைகளின் கண்ணில் எதிர்க்காற்றில் வரும் துகள்கள் அதிகம் பட்டன. இரை பிடிப்பதற்கு மயிர் அவசியப்படவில்லை. வேகமாகப் பாயும்போது பூச்சியின் காலோ சிறகோ கண்ணில் அடிக்காமல் காப்பதுதான் அதன் வேலையாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. பார்த்தவுடன் தோன்றுகிற விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க எத்தனை காலம் எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு இந்த மீசை ஓர் உதாரணம்.

இந்தக் குருவியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். 1839இல் சென்னையிலிருந்து வந்த ஓர் இலக்கிய அறிவியல் இதழில், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலில் இதையும் சேர்த்து எழுதினார். அதற்குப் பிறகு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பார்த்தோம், சுட்டோம், முட்டை எடுத்தோம் என்ற வகைக் குறிப்புகள்தான் பெரும்பாலும். இதன் வாழ்க்கையை உட்கார்ந்து படித்தவர் வங்கதேசத்தைச் சேர்ந்த முகமது அலி ரேசா கான். 1970களில் சாலிம் அலியின் மாணவராக பம்பாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்த ஒரே குருவி. பின்னாளில் துபாய் விலங்குக் காட்சி சாலையின் தலைவராக இருந்தார். நீலகிரியின் குளிரில் புதர் புதராகக் கூடு தேடிய அந்த வேலையின் பலனைத்தான் இன்றும் இந்த இனத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எடுத்தாள்கிறோம்.

கூடு கட்டுவது பெண் மட்டும். கோரை, பெரணி, காய்ந்த இலைகள் கொண்டு பந்து வடிவில், குட்டையான புதரில், தரைக்கு அருகிலேயே கட்டும். அதில் இரண்டே முட்டைகள். இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிசெடுலா என்ற பேரினத்தைச் சேர்ந்தது இது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட உறவினர்கள். (நம் தோட்டங்களுக்கு வரும் நீள வாலுள்ள அரசவால் ஈப்பிடிப்பானுக்கு இதோடு நெருங்கிய உறவு கிடையாது, அது காக்கை, கரிச்சான் பக்கத்துச் சொந்தம்.) இந்த உறவினர்களில் மூட்டை கட்டுகிறவர்கள் நிறைய. ஐரோப்பாவின் கருவெள்ளை ஈப்பிடிப்பான் ஒவ்வோர் ஆண்டும் சகாராவைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்கா போய்வரும். காஷ்மீர் ஈப்பிடிப்பானின் கதை இன்னும் விசித்திரம். காஷ்மீர் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றிய மலைக்காடுகளையும் தவிர வேறெங்கும் குறிப்பிடும்படி குஞ்சு பொரிப்பதில்லை. குளிர்காலத்தில் துணைக்கண்டம் முழுவதையும் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலையகத்துக்கும் போய்விடும். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கழுத்தும் மார்பும் செம்மையாக, ஓரத்தில் கருப்புக் கரை போட்ட இந்தச் சிறு பறவை ஒரு மலையிலிருந்து கிளம்பி இன்னொரு மலையில் இறங்குகிறது; நடுவில் சமவெளி என்பது அதற்கு வெறும் வழி.

பயணம் போகிற உறவினர்கள் நிறைய முட்டையிடுகிறார்கள். கருவெள்ளை ஈப்பிடிப்பான் ஐந்து முதல் ஏழு வரை இடும். குளிர்நாட்டில் கோடை குறுகியது. புழுக்கள் ஒரே நேரத்தில் குவியும். கிடைக்கும்போதே நிறையக் குஞ்சுகளை வளர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பயணத்தில் பலதும் சாகும். நீலகிரிச் சோலையில் அப்படிக் குவியலும் இல்லை, முழுப் பஞ்சமும் இல்லை. ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் பூச்சி. இரண்டு முட்டை, ஒரே இடம், நிதானமான வாழ்வு என்பது அந்தச் சூழலுக்கு ஏற்ற கணக்கு. வெப்பமண்டலப் பறவைகள் பலவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

சரி, பயணம் வேண்டாம். பக்கத்து மலைக்காவது போகலாமே? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை என்று பெயரில் தொடர்ச்சி இருந்தாலும், 1,500 மீட்டருக்கு மேல் பார்த்தால் அது தொடர்ந்து இல்லை. நீலகிரி ஒரு துண்டு, ஆனைமலையும் பழனியும் ஒரு துண்டு, அகத்தியமலை இன்னொன்று. மேலே குளிர்ந்த ஈரமான சோலை, இடையில் வெயில் கொதிக்கும் பள்ளத்தாக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். நெய்வேலிக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் 2,000 மீட்டருக்கு மேல், அதாவது பதினான்கு டிகிரி அளவு. வானத்தில் மிதக்கும் தீவுகள் என்று உயிரியலாளர்கள் இவற்றை அழைக்கிறார்கள். கடலுக்குப் பதில் சூடு. நிழலிலேயே வளர்ந்த ஒரு புதர்ப் பறவை திறந்தவெளியில் நூறு மீட்டர் பறக்கவே தயங்கும். அதன் சிறகு போதாது என்பதல்ல காரணம். வெயிலையும் வெட்டவெளியையும் அது தன் இடமாகக் கருதுவதில்லை.

இந்தத் தீவுகளுக்கு நடுவே மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆடியில் காற்று வருகிற வாசல். சோலைப் பறவைகளுக்குச் சுவர். வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் மலையுச்சிப் பறவைகள் 23 இனங்களின் மரபணுக்களைக் கணவாயின் இரு பக்கத்திலும் ஒப்பிட்டு 2015இல் எழுதினார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவான இனங்களில் வடக்குப் பறவையும் தெற்குப் பறவையும் தெளிவாகப் பிரிந்திருந்தன. எல்லா இனங்களும் பிரியவில்லை என்பதும் கவனிக்க வேண்டிய செய்திதான். நம் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் கணவாயின் இரு பக்கமும் ஒரே இனமாகவே இன்றும் கருதப்படுகிறது.

பிரிந்துபோனதில் முக்கியமானது சோலைக்கிளி. கிளி இனம் அல்ல. ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. அடர்நீல உடம்பு, நீண்ட கால், சருகில் தத்திக்கொண்டே புழு பொறுக்கும். விடியலில் பாடத் தொடங்கினால் நிறுத்தாது. கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. இவற்றில் நீலகிரிச் சோலைக்கிளியை முதலில் விவரித்தவரும் ஜெர்டன்தான். அதன் பிறகு இவற்றை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று தெரியாமல் பேரினம் பேரினமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். 2017இல் ராபினும் கூட்டாளிகளும் மரபணுவைப் பார்த்து, இவை எந்தப் பழைய பெட்டியிலும் அடங்கா என்று சொல்லி, ஷோலிகோலா என்று புதிய பேரினமே உண்டாக்கினார்கள். தமிழர்களும் மலையாளிகளும் புழங்கும் சோலை என்ற சொல் இப்படி இலத்தீன் பெயருக்குள் போயிற்று.

சோலைக்கிளியின் நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த இறகில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிழைக்குள் இருக்கும் கெரட்டின் புரதத்தில், ஒளியின் அலைநீளத்தை ஒத்த மிக நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவை நீல ஒளியை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. மீதி ஒளியைக் கீழிருக்கும் கருநிறமி விழுங்கிவிடும். அந்த இறகை அம்மியில் வைத்து அரைத்தால் நீலம் போய்விடும்; பழுப்புத் தூள்தான் மிஞ்சும். மயில், மீன்கொத்தி முதலிய பறவைகளின் நீலம் பெரும்பாலும் இப்படி அமைப்பால் வருவதே.

பாட்டிலும் இந்தப் பிரிவு கேட்கிறது. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளிகளின் பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, பழங்காலத்திலிருந்தே பள்ளத்தாக்கால் பிரிந்த கூட்டங்கள் மட்டுமல்ல, அண்மைக் காலத்தில் காடு வெட்டியதால் பிரிந்த கூட்டங்களும் பாட்டில் வேறுபட்டிருந்தன. பாட்டு என்பது பெற்றோரிடமும் அண்டை அயலிடமும் கேட்டுப் பழகுவது. நடுவில் காடு போய்விட்டால் அயலார் பாட்டு காதில் விழாது. சில தலைமுறையில் அவரவர் வட்டாரப் பேச்சு அவரவருக்கு.

இப்போது நெய்வேலிக்குத் திரும்புவோம். நாம் காலம் என்று சொல்கிறோமே, அதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

1934இல் ஜம்புலிங்க முதலியார் என்பவர் இங்கே தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கருப்பாக ஏதோ மேலே வந்தது. அதன் தொடர்ச்சியாக 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கம், 1961இல் வெட்டியெடுத்த முதல் பழுப்பு நிலக்கரி என்ற வரலாறு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைப் புரட்டியாக வேண்டும். பார்வையாளர் மேடையில் நின்று கீழே பார்த்தால், சக்கரத்தில் வாளி கோத்த ராட்சத எந்திரங்கள் செம்மண்ணையும் மணற்பாறையையும் உரித்துக்கொண்டு போக, அடியில் கரும்பழுப்பாக ஒரு படுகை தெரியும். அந்தப் படுகை முழுக்க மரம். கையில் எடுத்த கட்டியில் சில சமயம் மரத்தின் ரேகையே தெரியும். அதில் சிக்கியிருக்கும் மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்துப் படித்தவர்கள், ஈரமான வெப்பமண்டலக் காடும் கடலோரச் சதுப்பும் இங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டு பழையவை என்று கணக்கு. நெய்வேலிப் படுகை அவற்றுக்கும் கீழே, அவற்றுக்கும் முந்தியது. இன்று முந்திரி விளையும் வறண்ட செம்மண் பூமியில் ஒரு காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுச் சொந்தங்கள் நின்றன.

மரம் ஏன் மக்காமல் நிலக்கரியானது? தண்ணீர் தேங்கிய சேற்றில் விழுந்ததால். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அழுகல் பாதியில் நின்றுவிடும். முதலில் முற்றா நிலக்கரி. மேலே மண் ஏறி அழுத்தி, சூடும் சேர்ந்தால் பழுப்பு நிலக்கரி. இன்னும் அழுந்தினால் கருப்பு நிலக்கரி. நெய்வேலிச் சரக்கில் பாதி எடை ஈரம்தான். இன்னும் முற்றவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த வரிசையின் முதல் படி, முற்றா நிலக்கரி, இன்று நம் மாநிலத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் இடம் எது தெரியுமா? நம் குருவி வாழும் அதே நீலகிரி. உதகமண்டலத்துக்கு அருகில் சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில், புல்மேடுகளுக்கு நடுவே நீர் கசியும் சதுப்புகள் உண்டு. மண்வெட்டியால் வெட்டினால் கருகருவென்று பஞ்சுபோல வரும். அதை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமார். 1993இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது.

அவர்கள் பார்த்தது கார்பன். காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி எடை 12; நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு எடை 13. மரங்களும் வெப்பமண்டலப் புற்கள் பலவும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் ரசாயன வழி வேறு வேறு. மரம் கனமான கார்பனை அதிகமாக ஒதுக்கும். அந்தப் புற்கள் அவ்வளவு ஒதுக்குவதில்லை. செடி செத்துச் சேற்றில் அடங்கிய பிறகும் இந்த விகிதம் மாறாது. ஆகவே ஓர் அடுக்கின் கார்பனை அளந்தால், அந்தக் காலத்தில் அங்கே மரம் மிகுந்திருந்ததா, புல் மிகுந்திருந்ததா என்று சொல்லிவிடலாம். 20,000 ஆண்டுக் கணக்கு அந்தச் சேற்றில் இருந்தது. பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை நொடித்துப் புல் மேலோங்கியது. பனியுகம் முடிந்ததும் ஈரம் கூடி மரம் மேலோங்கியது. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி புல். சோலை விரிந்தபோது குருவியும் விரிந்தது. சுருங்கியபோது அதுவும் பள்ளங்களுக்குள் ஒடுங்கியது.

இதில் ஒரு பழைய வழக்குக்கும் தீர்ப்பு இருக்கிறது. நீலகிரிப் புல்வெளி, மனிதன் காட்டை வெட்டியும் எரித்தும் உண்டாக்கிய பாழ்நிலம் என்று பலர் நம்பிவந்தார்கள். அப்படி நம்பியதால்தான் அதில் மரம் நடுவது புண்ணியமாகத் தோன்றியது. 1840களில் வந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்), அதைப் போலவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்), பிறகு பைன். ஊட்டிக்கும் வெலிங்டன் பட்டாளத்துக்கும் விறகு தேவைப்பட்டதும் ஒரு காரணம். சோலையை வெட்டி எரித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு மாற்று வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிறகு ஆலைகளுக்காக நடவு இன்னும் பெருகியது. பழனி மலையில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள் 2018இல் எழுதினார்கள். விழுங்கியவை தோப்புகளும் விவசாயமும். ஆனால் சேறு சொல்கிறது: புல் அங்கே குறைந்தது 20,000 ஆண்டு பழைய குடி. மார்கழி, தையில் விழும் உறைபனி மரக்கன்றைக் கொன்றுவிடும்; புல் பிழைத்துக்கொள்ளும். மேட்டில் புல், பள்ளத்தில் சோலை என்பதே அந்த மலையின் சொந்த ஏற்பாடு. புல்மேடு மழையைப் பிடித்து மெதுவாகக் கசியவிட, அந்த ஈரத்தில் சோலை நிற்கிறது.

நெய்வேலியில் நிலைமை நேர் எதிர். சுரங்கம் புரட்டிப்போட்ட மண்மேட்டில் அடிமண் மேலே, மேல்மண் அடியில், உயிர்ச்சத்து ஏதுமில்லை. அதில் நிறுவனம் லட்சக்கணக்கில் மரம் நட்டு வளர்த்திருக்கிறது. நிலம் கொடுத்த ஊர்களின் கணக்கு தனி, அதை இந்த மரங்கள் தீர்த்துவிடா. ஆனால் செத்த மண்ணில் நிழல் வந்திருக்கிறது, வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு அது ஒதுங்க இடம். ஒரே காரியம், மரம் நடுதல். இங்கே மருந்து, அங்கே நோய். எத்தனை கன்று நட்டோம் என்று மட்டும் எண்ணுகிற எந்தத் திட்டத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எந்த மண்ணில், எதை எடுத்துவிட்டு, என்ன மரம் என்று கேட்காத கணக்கு அது.

குருவி நெய்வேலிக்கு வராது என்றேன். நெய்வேலி அதனிடம் போய்க்கொண்டிருக்கிறது. ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போகிறது. பல கோடி ஆண்டுக்கு முன் ஒரு காடு காற்றிலிருந்து எடுத்துப் புதைத்த கார்பன் அது. நெய்வேலி ஒன்றைச் சொல்லிப் பழிபோடுவது நியாயமில்லை. உலகம் முழுக்க எரிகிறது. இந்த வரிகளை எழுதும் மேசை விளக்கும் அதில்தான் எரிகிறது. ஆனால் அதன் விளைவு எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை.

பயணம் போகிற உறவினருக்கு அடி விழுவது நேரத்தில். நெதர்லாந்தில் வசந்தம் முன்கூட்டியே வருகிறது, கம்பளிப்புழுக்கள் முன்கூட்டியே பெருகி முடிந்துவிடுகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து பகல் நீளத்தை நம்பிக் கிளம்பும் கருவெள்ளை ஈப்பிடிப்பானுக்கு அந்தச் செய்தி தெரிவதில்லை. வந்து சேரும்போது பந்தி முடிந்திருக்கிறது. கிறிஸ்டியான் போத், மார்செல் விஸ்ஸர் இருவரும் 2001இல் இதைக் காட்டினார்கள். பயணம் போகாத நம் குருவிக்கு அடி விழுவது உயரத்தில். வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிர் வேண்டுமென்றால் ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போக வேண்டும். மேலே போகப் போக மலை குறுகும். பெரு நாட்டில் ஒரு மலைச்சரிவின் பறவைகளை 1985இல் கணக்கெடுத்து, 2017இல் அதே வழியில் மறுபடி ஏறிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை மேலே நகர்ந்திருந்தன. உச்சியில் இருந்தவற்றில் சில இனங்கள் அங்கே இல்லவே இல்லை. நீலகிரியின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அதற்கு மேலே நகர இடமில்லை. பக்கத்து மலைக்குப் பறந்து போகும் பழக்கமும் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

ஆகவே இருக்கிற சோலையைத் துண்டாக்காமல் வைப்பதும், துண்டுகளுக்கு நடுவே ஓடையோரமாகவாவது இயல்பான புதரும் மரமும் மீண்டும் வளர விடுவதும், புல்மேட்டிலிருந்து சீகையைக் கவனமாக எடுப்பதும்தான் இந்தக் குருவிக்கு நாம் செய்யக்கூடியவை. சீகையை ஒரேயடியாக வெட்டித் தள்ளினால் போதாது. வெளிச்சம் பட்டதும் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைத்துப் பழையபடி அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் கன்று பிடுங்குகிற வேலை அது. இவற்றில் எதுவும் ஒரு விழா நடத்திப் புகைப்படம் எடுத்து முடித்துவிடக் கூடியதல்ல.

நெய்வேலியிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் முதல் மே வரை இந்தக் குருவி கூடு கட்டும் காலம். நம் சீசனும் அதுவே. சோலைக்குள் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், ஏனென்றால் கூடு இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்துப் படம் எடுக்காதீர்கள். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டதாக எண்ணி, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது உங்கள் போனோடு சண்டை போடுவதில் செலவழிக்கும்.